நான் ஒருத்தனாகப் பின்னிய கோட்டு

இந்தப் பையை மேலே வைக்க மாட்டேன். கண்டக்டர் ஆயிரம் சொல்லட்டும். மேலே வைத்தால் பர்லியாரில் எவனாவது ஏறி இதன்மேல் பலாப்பழத்தைத் தூக்கி வைப்பான். மடியிலேயே இருக்கட்டும். உங்கள் முட்டியில் இடித்தால் சொல்லுங்கள், நகர்த்திக்கொள்கிறேன்.

என்ன பார்க்கிறீர்கள்? கம்பளிதான். கோட்டு. கையால் பின்னியது.

என்ன கேட்டீர்கள்? வீட்டுக்கார அம்மா பின்னினதா என்றா?

பார்த்தீர்களா. நீங்களும் கேட்டுவிட்டீர்கள். குன்னூரிலிருந்து வண்டி கிளம்பி இன்னும் முதல் வளைவு திரும்பவில்லை, அதற்குள் கேட்டாகிவிட்டது. உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். கறிக்கடைக்காரன் கேட்டான். கோயிலில் ஃபாதர் கேட்டார். நான் போட்டிருக்கிற குல்லாயைப் பார்த்து, மப்ளரைப் பார்த்து, உங்க வீட்டம்மாவுக்கு நல்ல கைவேலைங்க என்பார்கள். நான் பின்னியது என்று சொன்னால் சிரிப்பார்கள். நான் ராணுவத்தில் லாரி ஓட்டினவன். பனியில், பாதி ரோடு சரிந்து போன இடத்தில் ஓட்டினவன். அதைச் சொன்னால் நம்புகிறார்கள். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

எங்கே கற்றுக்கொண்டேன் என்றால், ஆஸ்பத்திரியில். வடக்கே. வண்டி உருண்டு கால் முறிந்து, மாவுக்கட்டு போட்டுப் படுக்க வைத்துவிட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் இமாசலத்துக்காரன் ஒருத்தன். நாள் முழுக்கப் பின்னிக்கொண்டே இருப்பான். அவன் ஊரில் ஆடு மேய்க்கிற ஆண்பிள்ளைகள் எல்லாரும் பின்னுவார்களாம். ரெண்டு ஊசியை என் கையில் கொடுத்துவிட்டான். அன்றைக்குப் பிடித்தது, இன்னும் விடவில்லை. யூனிட்டுக்குத் திரும்பி வந்தால் ஒரே கேலி. "அருளப்பா, எத்தனாவது மாசம்?" என்பான் ஒருத்தன். "பையனா இருந்தா என் பேரு வைடா" என்பான் இன்னொருத்தன். அதே ஆட்கள் டிசம்பர் வந்ததும் ராத்திரியில் வந்து காதோடு காதாக ஒரு குல்லாய் கேட்டார்கள். போட்டுக் கொடுத்தேன். கொடுத்துவிட்டுத் திட்டினேன்.

சரி, இந்தக் கோட்டு.

என் அளவுக்குத் தைத்த கோட்டு கடையில் கிடையாது. ஸ்டீயரிங் பிடித்துப் பிடித்து உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது. முதுகு வேறு வளைந்துவிட்டது. கடைக் கோட்டு போட்டால் ஆணியில் மாட்டியது மாதிரி இருக்கும். அதனால் போன மழைக்காலத்தில் உட்கார்ந்தேன். சும்மா ஸ்வெட்டர் இல்லை. இடுப்பில் ஒடுக்கி, மார்பில் விரித்து, காலர் வைத்து, டெய்லர் தைக்கிற கோட்டு மாதிரியே. ரெண்டு நிறம். கருநீலம், சந்தனம். பூ, மான், நட்சத்திரம் எல்லாம் நான் போட மாட்டேன். நீலத்தின்மேல் சந்தனத்தில் டயர்த்தடம் போட்டேன். மழையில் சேற்றில் லாரி டயர் பதிந்தால் ஒரு கோலம் விழும் பாருங்கள், வி வியாக, நடுவில் ஒரு பட்டையோடு. அதுதான். கட்டம் போட்ட தாளில் நானே வரைந்தேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ரெண்டு நிறத்தில் பின்னுவது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். ரெண்டு நூலும் கூடவே ஓடும். ஒரு கண்ணி நீலத்தில் போட்டால் சந்தனம் பின்பக்கம் சும்மா ஓடும். அடுத்த கண்ணி சந்தனம் என்றால் நீலம் பின்னால் ஓடும். திருப்பிப் பார்த்தால் உள்பக்கம் முழுக்க நூல் கம்பி கம்பியாக ஓடியிருக்கும். அதில் ஒரு சங்கதி இருக்கிறது. ஒரு நூலை மேலாக எடுக்க வேண்டும், ஒன்றைக் கீழாக எடுக்க வேண்டும். எதைக் கீழாக எடுக்கிறீர்களோ அந்த நிறம் வெளிப்பக்கம் எடுப்பாகத் தெரியும். தொடங்கினது மாதிரியே கடைசிவரை போக வேண்டும். மாற்றக் கூடாது. இமாசலத்துக்காரன் அடித்துச் சொல்லிக்கொடுத்தது. நான் சந்தனத்தைத்தான் கீழாக எடுப்பேன். டயர்த்தடம் சும்மா பளிச்சென்று நிற்கும்.

இந்தா, இதென்ன நிறுத்திவிட்டான்? மேலே வருகிற வண்டிக்கு வழி விட வேண்டும் என்று இவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையா? மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறான். பின்னால் எடு, பின்னால். லைசென்ஸ் எப்படித்தான் கொடுக்கிறார்களோ.

எங்கே விட்டேன். கோட்டின் உடம்பு முழுக்க நான்தான் பின்னினேன். மழை பெய்துகொண்டே இருந்தது, நான் பின்னிக்கொண்டே இருந்தேன். பிரகாசி, அதுதான் என் சம்சாரம், காப்பியைக் கொண்டுவந்து வைப்பாள், ஆறிப்போனதை எடுத்துக்கொண்டு போவாள். நான் பேச மாட்டேன். கணக்கு தப்பிவிடும். உடம்பு தோள்வரை ஏறி முடிந்தது. அப்போதுதான் கண் காலை வாரிவிட்டது. புரை. ஆபரேஷன். சொட்டு மருந்து ஊற்றிக்கொண்டு படு, கிட்டத்து வேலை எதையும் பார்க்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டான். சின்னப் பையன். என் பேரன் வயது இருக்கும்.

ஸ்லீவ் ரெண்டும் பாக்கி. நூலும் ஊசியும் சும்மா கிடந்தது. சும்மா கிடந்தால் பூச்சி அரிக்கும். அதனால் பிரகாசியிடம் கொடுத்து, கொஞ்சம் ஓட்டிக்கொண்டு இரு என்றேன்.

அவளுக்கும் ஏதோ தெரியும். சின்ன வயதில் கான்வெண்ட் போர்டிங்கில் சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்தது. சாக்ஸ், குழந்தைக்குப் பூட்ஸ், அந்த மாதிரி. நான் ஆஸ்பத்திரியில் ஊசி பிடிப்பதற்கு முன்னாலேயே அவள் பிடித்தவள் என்பாள். பிடித்திருக்கலாம். யார் இல்லை என்றது?

நான் படுத்துக்கொண்டே சொல்லுவேன். நீலம் ரெண்டு, சந்தனம் ஒன்று, நீலம் ஒன்று. அவள் போடுவாள். சொல்கிறவன்தான் பின்னுகிறவன். வண்டியில் கண்டக்டர் விசில் ஊதுகிறான் என்பதற்காக அவன் வண்டி ஓட்டினான் என்று ஆகிவிடுமா? நான் தூங்கிவிட்டேன், அவள் பாட்டுக்குப் போட்டாள் என்று இப்போது சொல்கிறாள். தூங்கவில்லை. கண்ணை மூடியிருந்தேன். கட்டுப் போட்ட கண்ணை வேறு எப்படி வைப்பார்கள்?

ஒருநாள் பக்கத்தில் வந்து நின்று என் தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "ஏங்க, உங்களுக்கு வலது தோளு கீழ இறங்கியிருக்கு" என்றாள். போடி, என் தோள் நேராகத்தான் இருக்கிறது, போய் வேலையைப் பார் என்றேன். போய்விட்டாள்.

ஸ்லீவ் முடிந்தது. கண் கட்டும் அவிழ்ந்தது. அதற்குப் பிறகுதான் முன்பக்கம் வெட்டுகிற வேலை. ஆமாம் தம்பி, வெட்டத்தான் வேண்டும். இந்தக் கோட்டை முழுக்கக் குழாய் மாதிரிச் சுற்றிச் சுற்றித்தான் பின்னுவது. முடித்துவிட்டு, நடு நெஞ்சில் மெஷினில் ரெண்டு தையல் ஓட்டி, ரெண்டு தையலுக்கும் நடுவில் கத்திரியை விட்டு மேலிருந்து கீழே வெட்டித் திறக்க வேண்டும். ஒரு மழைக்கால வேலை. கத்திரி ஒரு நூல் விலகினால் எல்லாம் உருவிக்கொண்டு போகும். கோடு நான் போட்டேன். கத்திரியையும் நான்தான் எடுத்தேன். கோடு ரெண்டாகத் தெரிந்தது. புது மூக்குக் கண்ணாடி. பிரகாசி கத்திரியை வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே சீராக வெட்டிவிட்டாள். வெட்டுவது என்ன பெரிய விஷயம்? கோடு போட்டாயிற்று. போட்ட கோடு வழியே கத்திரி போகிறது.

போட்டுப் பார்த்தேன். உடம்பில் ஊற்றினது மாதிரி இருந்தது. ஆள் உயரக் கண்ணாடி எங்கள் வீட்டில் இல்லை. எதிர்வீட்டு பீரோவில் போய்ப் பார்த்தேன்.

சீசனுக்கு எங்கள் ஊரில் ஒரு மன்றத்தில் கைவேலைக் கண்காட்சி வைப்பார்கள். எம்ப்ராய்டரி, ஊறுகாய், களிமண் பொம்மை, எல்லாம் இருக்கும். பின்னல் வேலைக்குப் பரிசு உண்டு. மைக்கில் பேரைச் சொல்லுவார்கள். எனக்குப் பரிசு வேண்டாம். அந்த மைக் வேண்டும். ஊர் மொத்தமும் உட்கார்ந்திருக்கும்போது, பின்னியவர் அருளப்பன் என்று ஒருதடவை சொல்ல வேண்டும். அப்புறம் எந்தக் கறிக்கடைக்காரன் கேட்கிறான் பார்க்கிறேன். அவ்வளவுதான் நான் நினைத்தது. தப்பா?

நானும் பிரகாசியும் கோட்டை எடுத்துக்கொண்டு போனோம். அவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். எதற்கு என்று கேட்டேன். சும்மா என்றாள். வாசல் மேசையில் இருந்த பெண் என்னைப் பார்க்கவேயில்லை. பிரகாசியைப் பார்த்து, "அம்மா, உங்களோடதா?" என்று கேட்டது. பிரகாசி சிரித்துக்கொண்டு நிற்கிறாள். நான் குறுக்கே போய், என்னுடையது, பேர் அருளப்பன், எழுதிக்கொள் என்றேன். அந்தப் பெண் சிரித்தது. நான் சொன்னேனே, சிரிப்பார்கள் என்று.

பரிசுக்குத் தேர்ந்தெடுக்க வந்தது ஒரு டீச்சரம்மா. குணவதி என்று பேர். தையல் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். மற்ற ஸ்வெட்டர்களை எல்லாம் ரெண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார். என் கோட்டு வந்ததும் நின்றுவிட்டார். வெட்டிய இடத்தைத் தடவினார். காலரைத் தூக்கிப் பார்த்தார். எனக்கு நெஞ்சு விம்மியது, பொய் சொல்லக் கூடாது. அப்புறம் கோட்டை உள்பக்கமாகத் திருப்பினார்.

திருப்பி, உடம்பைப் பார்த்தார். ஸ்லீவைப் பார்த்தார். மறுபடி உடம்பைப் பார்த்தார். எங்கள் ரெண்டு பேரையும் கூப்பிட்டார்.

"ஐயா, இதை ஒரே ஆள் பின்னலையே."

நான் ஒருத்தன்தான் பின்னினேன் என்றேன்.

"உடம்புல சந்தனம் கீழ ஓடுது. ஸ்லீவுல நீலம் கீழ ஓடுது. வெளிய பாருங்க, உடம்புல டயர்த்தடம் எடுப்பா நிக்குது, ஸ்லீவுல உள்ள அமுங்கியிருக்கு. ஒரே ஆளு கைப்பழக்கத்தை இப்படி மாத்த மாட்டாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு ஆத்திரம். பாருங்கள், எனக்கே அது அதுவரை தெரியாது. கண் ஆபரேஷன் ஆன மனிதன், உள்பக்கம் எதற்குத் திருப்பிப் பார்க்கிறான்? அந்த கான்வெண்ட் சிஸ்டர்கள் இவளுக்கு அடர்ந்த நிறத்தைக் கீழே எடுக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இவளும் அப்படியே போட்டு வைத்திருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்டாளா? எந்த நூல் கீழே என்று என்னைக் கேட்டிருக்க வேண்டாமா?

டீச்சரம்மா அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பிரகாசி பக்கம் திரும்பி, "அம்மா, ஸ்லீவ் நீங்க போட்டதுதானே?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன், இவள் சமையல் பார்க்கிறவள் என்று. டீச்சரம்மா விடவில்லை. ரெண்டு பேர் சேர்ந்து செய்த வேலைக்கு என்று தனியாக ஒரு பிரிவு இருக்கிறதாம். அங்கே மாற்றிவிடுகிறேன், பரிசு இதற்குத்தான், ரெண்டு பேர் பேரையும் மைக்கில் சொல்லுவார்கள் என்றார்.

பிரகாசி வாயைத் திறந்தாள். "போடட்டுமேங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம்.

"உன் பேரை எதுக்குப் போடணும்? ரெண்டு குழாய் பின்னினதுக்கா?"

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். ஊறுகாய் வைத்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கு என்ன செய்வது, ராணுவத்துத் தொண்டை. நான் கேட்டது நியாயம்தானே? ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்தவன் நான். இத்தனை வருடம் கேலி வாங்கினவன் நான். ஒருதடவை மைக்கில் பேர் சொல்லும்போது அதிலும் இன்னொரு பேரைச் சேர்த்தால் என்ன ஆகும்? அவள் பின்னினாள், இவர் கூட இருந்தார் என்றுதான் பேசுவார்கள். ஊர் வாயை எனக்குத் தெரியாதா? உங்களையே பாருங்கள். பையைப் பார்த்ததும் என்ன கேட்டீர்கள்?

பரிசு இல்லை. ஏதோ ஒரு குழந்தை ஃப்ராக்குக்குக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பிரகாசி சோறு போட்டாள். பட்டுப்புடவையை மடித்து வைத்தாள். காலையில் எழுந்து பார்க்கிறேன், பையோடு நிற்கிறாள். மேட்டுப்பாளையத்தில் அவள் தங்கச்சி அமலோற்பவத்துக்கு முட்டிவலியாம், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். அமலிக்கு முட்டிவலி கல்யாணமான நாளிலிருந்து இருக்கிறது. அதற்கு இப்போது என்ன அவசரம்? எப்போது வருவாய் என்று கேட்டேன். பார்க்கலாம் என்றாள். அவள் பார்க்கலாம் என்று சொல்லி நான் கேட்டதேயில்லை.

போகட்டும் என்று விட்டேன். நான் சமைக்கத் தெரியாதவன் இல்லை. கத்திரியை எடுத்து ரெண்டு ஸ்லீவையும் தோளிலிருந்து பிரித்தேன். பிரித்து, நூலை உருவி, தண்ணீரில் நனைத்து, கீழே கல்லைக் கட்டித் தொங்கவிட்டேன். உருவின நூல் சுருள் சுருளாக இருக்கும், கல்லைக் கட்டினால்தான் நேராகும். அதே நூலில் நானே ஸ்லீவ் பின்னினேன். சந்தனம் கீழே. சரியாக. டயர்த்தடம் பளிச்சென்று. அடுத்த வருடம் அதே டீச்சரம்மா முகத்தில் கொண்டுபோய்க் காட்டுகிறேன், உள்பக்கம் வெளிப்பக்கம் எப்படி வேண்டுமானாலும் திருப்பிப் பார் என்று.

பின்னித் தோளில் வைத்துத் தைத்தேன். போட்டேன். இடது பக்கம் சரி. வலது பக்கம் கழுத்தைப் பிடித்து இழுக்கிறது. கையைத் தூக்கினால் கோட்டு முழுக்கத் தூக்கிக்கொண்டு வருகிறது. பிரித்தேன். மறுபடி போட்டேன். அதே இழுப்பு. மறுபடி. தோளுக்கு வருகிற இடத்தில் கண்ணியைக் கூட்டிப் பார்த்தேன், குறைத்துப் பார்த்தேன். இப்போது அக்குளில் மடிப்பு விழுகிறது. எதிர்வீட்டு பீரோவுக்கு நான் நடந்த நடையில் அந்த வீட்டுக்காரன் கதவைத் திறந்தே போட்டுவிட்டான்.

அப்புறம்தான் தெரிந்தது. அவள் ரெண்டு ஸ்லீவையும் ஒரே மாதிரி போடவில்லை. வலது பக்கத்தை மட்டும் என் தோளுக்குத் தக்கபடி எப்படியோ இறக்கிப் போட்டிருக்கிறாள். என்னிடம் சொல்லாமல். என் கோட்டில், என் உடம்புக்கு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். சொல்லியிருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன், அது வேறு விஷயம். சொல்ல வேண்டியது முறை. எவ்வளவு இறக்கினாள், எங்கே இறக்கினாள், எதுவும் தெரியாது. பார்க்கலாம் என்றால் நான் உருவிவிட்டேன். இப்போது அந்தக் கணக்கு அவள் விரலில்தான் இருக்கிறது.

போன் போட்டேன். வலது ஸ்லீவ் கணக்கு என்ன என்று கேட்கத்தான். வேறு ஒன்றும் இல்லை. அமலி எடுத்தாள். அக்கா போனுக்கு வர மாட்டாளாம்.

"மாமா, அக்கா ஒரு கோட்டு பின்னிக்கிட்டு இருக்கா" என்றாள்.

மேட்டுப்பாளையத்தில். வெயில் மண்டையைப் பிளக்கிற ஊரில், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, கம்பளிக் கோட்டு. யாருக்கு என்று கேட்டேன். அவளுக்கேதானாம். அவள் அளவுக்கு. நூல் வாங்கக் கோயம்புத்தூர்வரை தனியாகப் போய்விட்டு வந்திருக்கிறாள். என்னோடு வாழ வந்த நாளிலிருந்து தனக்கென்று ஒரு சாக்ஸ் பின்னிக்கொண்டதில்லை அவள். என்ன டிசைன் என்று கேட்டேன். அமலிக்குச் சொல்லத் தெரியவில்லை. கட்டம் கட்டமா என்னமோ, ரொம்ப நல்லாருக்கு மாமா என்கிறாள். அடுத்த வருடம் கண்காட்சியில் வைக்கப் போகிறாளாம். தனியாக.

சரி, வைக்கட்டும், என் ஸ்லீவுக்கு ஒரு வழி சொல்லச் சொல் என்றேன். அமலி போனைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளே கேட்டாள். திரும்பி வந்து தயங்கினாள். சொல் என்று அதட்டினேன்.

"ஸ்லீவ் இல்லாமலே போட்டுக்கச் சொல்லு, அது ரெண்டு குழாய்தானேன்னு சொல்றா மாமா."

கேட்டீர்களா. இதுதான் இத்தனை வருடம் என் வீட்டில் வாய் திறக்காமல் காப்பி வைத்த பொம்பளை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போனை வைத்துவிட்டேன். காப்பி யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை, அதனால் ஆறவும் இல்லை.

அதான் போகிறேன். கூட்டிக்கொண்டு வரப் போகவில்லை. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அவளாகப் போனாள், அவளாக வரட்டும். நான் போவது ஸ்லீவுக்காக. பையில் உடம்பு இருக்கிறது, ஸ்லீவ் நூலைக் கழுவி, நேராக்கி, உருண்டையாகச் சுற்றி வைத்திருக்கிறேன். அவள் முன்னால் வைப்பேன். இந்தா, உன் கணக்கை நீயே போடு என்பேன். வேறு பேச்சு கிடையாது.

எந்த நூல் கீழே என்று கேட்டால் என்ன சொல்வீர்கள் என்கிறீர்களா? அவள் கேட்க மாட்டாள். கேட்டால் அவள் பழக்கப்படியே எடுக்கட்டும். ஸ்லீவ் மங்கலாகத்தான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். தோள் சரியாக உட்கார வேண்டும், எனக்கு அது போதும்.

பேரா? நீங்களும் டீச்சரம்மா மாதிரியே பேசுகிறீர்களே. அவள் பேரைப் போட வேண்டும் என்று அவள் சொன்னால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். ரெண்டு பேரில் யார் பேர் முதலில் வரும் என்று ஒரு கேள்வி இருக்கிறது. நானாக எதையும் சொல்ல மாட்டேன். அவள் கேட்டால்தான். கேட்க மாட்டாள். அவள்தான் அவளுக்கென்று தனியாக ஒன்று ஆரம்பித்துவிட்டாளே. அவளுக்கு இப்போது என் கோட்டில் பேர் எதற்கு?

அதுதான் தம்பி, அதுதான் எனக்குப் புரியவில்லை. எதற்குத் தனியாக?

கல்லாறு தாண்டிவிட்டான். வெயில் எப்படி அடிக்கிறது பாருங்கள், ஜன்னல் கம்பி சுடுகிறது. கிளம்புகிறேன் என்று மறுபடி போன் போட்டபோது, பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறேன் என்றாள் அமலி. வழி தெரியாதா எனக்கு, வர வேண்டாம் என்றேன். அக்காவும் கூட வருவாளா என்று நான் கேட்கவில்லை. அவளாகவும் சொல்லவில்லை.

பையைக் கொஞ்சம் பிடியுங்கள். கோட்டை வெளியே எடுக்கிறேன். ஆமாம், போட்டுக்கொள்ளத்தான் போகிறேன். ஸ்லீவ் இல்லாமல்தான். அவள்தானே அப்படிப் போட்டுக்கொள்ளச் சொன்னாள்? அவள் வாயால் எனக்கென்று சொல்லி அனுப்பினது அது ஒன்றுதான். வெயிலாவது ஒன்றாவது. சிரிக்கிறவன் சிரித்துக்கொள்ளட்டும், எனக்குப் பழக்கம்தான். மேல் பொத்தானை மட்டும் நீங்கள் மாட்டிவிடுங்கள், என் விரலுக்கு அது அகப்படாது. எப்போதும் அவள்தான் மாட்டுவாள்.

மாட்டியாயிற்றா? எழுந்திருங்கள், வழி விடுங்கள். வண்டி நிற்பதற்குள் நான் படிக்கட்டுக்குப் போக வேண்டும். யார் யார் வந்து நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.